கப்பலேறிய அயர்லாந்துப் பெண்களும் சிறைப் பதிவேடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் கடந்து போன அக்காள் அனுப்பிய பணத்தில் தம்பி படித்தான், தங்கை கப்பலேறினாள் என்ற கதை அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அதே அக்காள் நியூயார்க்கிலோ டொரொன்டோவிலோ சில இரவுகள் கம்பிகளுக்குப் பின்னால் கிடந்தாள் என்ற கதையை எந்த வீடும் சொல்வதில்லை. பணம் அனுப்பியவள் ஒருத்தி, சிறைக்குப் போனவள் வேறொருத்தி என்று பிரித்துப் பார்ப்பது நமக்கு எளிதாக இருக்கிறது. அப்படிப் பிரிக்க முடியாது என்பதுதான் இந்தக் கேள்வி பதில்களின் அடிப்படை.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் 1840களிலிருந்து 1920கள் வரை. கடைசியில் சற்றுப் பின்னால் வந்த காலத்தையும் தொட்டுப் பார்க்கிறோம்.

அயர்லாந்துப் பெண்கள் ஏன் அவ்வளவு பேர், அதுவும் தனியாக, வெளியேறினார்கள்?

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு பூசண நோய் தாக்கியது. ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்குதான் மூன்று வேளை உணவு. தோண்டியெடுத்த கிழங்கு கையிலேயே அழுகிக் கூழாயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே கதை. 1841-இல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகக் குறைந்துவிட்டது. பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள்.

பஞ்சம் ஓய்ந்த பிறகும் வெளியேற்றம் நிற்கவில்லை. நிலத்தைப் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்ததால்தான் குடும்பங்கள் ஒரே பயிரை நம்பி அழிந்தன என்ற பாடம் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அதனால் நிலம் முழுவதும் ஒரே மகனுக்கு என்றாயிற்று. சீதனம் ஒரே மகளுக்கு. மற்ற மகள்கள் என்ன செய்வார்கள்? கன்னியர் மடத்தில் சேரலாம், அண்ணன் வீட்டில் கூலியில்லாத வேலைக்காரியாகக் காலம் தள்ளலாம், அல்லது கப்பல். ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் முதலில் போனார்கள், பெண்கள் மனைவியாகவோ மகளாகவோ பின்னால் போனார்கள். அயர்லாந்தில் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் மணமாகாதவர்கள். 1885-க்கும் 1920-க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ ஏழு லட்சம் இளம்பெண்கள் நாட்டைவிட்டுப் போனார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய இரவை 'அமெரிக்க இழவு' என்று சொல்வார்கள். செத்தவரின் உடலைச் சுற்றி விடிய விடிய விழித்திருக்கும் வழக்கத்தை, உயிரோடு நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் செய்தார்கள். திரும்பி வரமாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், அவள் தாய்க்கும் தெரியும்.

சிறைத் தண்டனையாகவே நாடு கடத்தப்பட்ட பெண்கள் இருந்தார்களா?

ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1788 முதல் 1868 வரை பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 1,62,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவர்களில் பெண்கள் சுமார் 25,000. அயர்லாந்துப் பெண்கள் அதில் பெரும் பங்கு. துணி, உணவு, சில்லறைப் பணம், ஓர் ஆடு அல்லது மாடு என்று திருடியதற்குத்தான் மிகப் பலருக்குத் தண்டனை. வழக்கமான தண்டனை ஏழு ஆண்டு. ஏழு ஆண்டு முடிந்தாலும் திரும்பி வரக் கப்பல் கட்டணம் யார் கொடுப்பார்கள்? காகிதத்தில் ஏழு ஆண்டு, நடப்பில் ஆயுள் முழுவதும்.

பஞ்ச காலத்து வழக்குகளில் என்னை அதிகம் உலுக்குவது தீ வைப்பு வழக்குகள். வைக்கோற்போரிலோ ஆளில்லாத வீட்டிலோ தீயை வைத்துவிட்டு ஓடாமல் அங்கேயே நின்று, தன்னை நாடு கடத்தும்படி கேட்ட பெண்கள் உண்டு. பணிமனை எனப்பட்ட ஏழைகள் விடுதியில் கிடந்து சாவதைவிட உலகத்தின் மறுகோடியில் கைதியாக இருப்பது மேல் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். சிறையிலாவது வேளைக்குக் கஞ்சி உறுதி. 1847-இல் வந்த நாடோடிச் சட்டம் பிச்சை எடுப்பதற்கே ஒரு மாதம் வரை கடுங்காவல் விதித்தது. பசித்தவள் கையேந்தினாலும் குற்றவாளி, திருடினாலும் குற்றவாளி.

டப்ளினில் இருந்த கிரேஞ்ச்கோர்மன் சிறையில் பெண்களுக்குத் தையலும் வீட்டு வேலையும் கற்பித்துக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் இன்றைய டாஸ்மேனியா, அன்றைய பெயர் வான் டீமன்ஸ் லேண்ட். அங்கே ஹோபார்ட் நகருக்கு அருகே 'கேஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்கூடம்' 1828-இல் திறக்கப்பட்டது. பெயர்தான் தொழிற்கூடம், சிறையும் சலவைக்கூடமும் பிரசவ விடுதியும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண் கருவுற்றால் அங்கே திருப்பி அனுப்பப்படுவாள். குழந்தை பால்குடி மறந்ததும் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, கருவுற்ற குற்றத்துக்காக அவளைத் தண்டனைப் பிரிவில் போடுவார்கள். கருவுக்குக் காரணமானவன் பெயர் எந்தத் தண்டனைப் பட்டியலிலும் ஏறாது. ஈரமும் இருட்டும் மிகுந்த அந்தக் கட்டடத்தின் குழந்தைப் பிரிவில் எண்ணற்ற பச்சிளங்குழந்தைகள் இறந்தன.

டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தல் 1853-இல் முடிந்தது. பிறகு அயர்லாந்திலேயே நீண்ட சிறைத் தண்டனை. விடுதலையானவர்களில் பலர், சிறையில் உழைத்துச் சேர்த்த சிறு தொகையைக் கொண்டு அமெரிக்காவுக்குச் சீட்டு வாங்கினார்கள். ஊரில் முகம் காட்ட முடியாதவளுக்கு அதுதான் வழி.

'ஏர்ல் கிரே' திட்டத்தில் ஆஸ்திரேலியா போன அனாதைப் பெண்களும் குற்றவாளிகளா?

இல்லை. இந்தக் குழப்பம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1848 முதல் 1850 வரை, அயர்லாந்தின் பணிமனைகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதுப் பெண்கள் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு நகரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். திட்டத்துக்கு அன்றைய குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஏர்ல் கிரேயின் பெயர். ஒவ்வொருத்திக்கும் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஆறு உள்ளாடைகள், ஆறு ஜோடிக் காலுறைகள், இரண்டு ஜோடிக் காலணிகள், இரண்டு கவுன்கள். பிறந்ததிலிருந்து அவ்வளவு துணியை ஒருசேரப் பார்த்தே இராத பெண்கள் அவர்கள்.

வந்து இறங்கியதுமே ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் தாக்கத் தொடங்கின. சமைக்கத் தெரியாது, பால் கறக்கத் தெரியாது, ஒழுக்கம் இல்லை என்றன. பணிமனையில் வளர்ந்த பெண் அடுப்பங்கரையை எங்கே பார்த்திருப்பாள்? எதிர்த்துப் பேசினாள், வேலையை விட்டு ஓடினாள் என்று எசமானர்கள் வழக்குப் போட்டார்கள், ஒப்பந்தங்கள் ரத்தாயின. எதிர்ப்பு பெருகவே இரண்டே ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டது. அவர்களில் மிகப் பலர் பிறகு மணமுடித்து, உள்நாட்டு ஊர்களில் பெரிய குடும்பங்களுக்குத் தாயானார்கள்.

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து நகரங்களில் எந்தக் குற்றங்களுக்காகப் பிடிபட்டார்கள்?

குடிபோதை, தெருவில் கூச்சல், இருக்க இடமின்றித் திரிதல், சிறு திருட்டு, பாலியல் தொழில். ஐந்து நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று சின்னச் சின்னத் தண்டனைகள். அபராதம் கட்டினால் வீட்டுக்குப் போகலாம், கட்டாதவர்களுக்குச் சிறை. ஆகவே சிறை நிரம்பியது பெரும்பாலும் காசில்லாதவர்களால். வெளியே வந்ததும் அதே தெரு, அதே பசி, அதே காவலர். ஒரே பெண்ணின் பெயர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பதிவேட்டில் வருவதைப் பார்க்கலாம். பனிக்காலத்தில் சிறைக்குள் போக வேண்டுமென்றே சன்னல் கண்ணாடியை உடைத்தவர்களும் உண்டு.

குடிபோதை வழக்குகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வசதியான வீட்டுப் பெண் குடித்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒற்றை அறையில் எட்டுப் பேர் முடங்கிய நியூயார்க் குடியிருப்பில் சாத்துவதற்குக் கதவு ஏது? சண்டையும் அழுகையும் குடியும் மாடிப்படிக்கும் தெருவுக்கும் வந்துவிடும். தெருவுக்கு வந்தது எல்லாம் காவலர் கண்ணில் படும்.

வேலைக்காரப் பெண்களின் திருட்டு இன்னொரு வகை. 1900-இல் அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை செய்த அயர்லாந்தில் பிறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டு வேலைக்காரர்கள். எசமானியின் சால்வை, வெள்ளிக் கரண்டி, மோதிரம் என்று எடுத்து அடகுக் கடையில் வைத்துப் பிடிபட்டவர்கள் பலர். சம்பள பாக்கியைக் கேட்டதற்காகத் திருட்டுப் பட்டம் சூட்டப்பட்டவர்கள் இருந்தார்கள். உண்மையாகவே கூட்டாகத் திட்டம் போட்டு, பொய்ப் பெயரில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். இரண்டாவது வகையை மறைத்தால் நாம் அவர்களை மனிதர்களாக நடத்தவில்லை என்று பொருள். சாமர்த்தியமும் பேராசையும் கோபமும் அவர்களுக்கும் இருந்தன.

அப்படியானால் அயர்லாந்துக்காரர்கள் குற்ற இயல்பு மிகுந்தவர்களா?

அன்றைய பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. எண்களும் அதற்குத் துணை போவதுபோல் தோன்றும்: 1859-இல் நியூயார்க்கில் கைதானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அயர்லாந்தில் பிறந்தவர்கள், அப்போது நகர மக்களில் அவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். ஆனால் அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், கையில் காசில்லை, ஊரில் கூலியில்லாவிட்டால் கஞ்சி ஊற்ற அத்தையோ சித்தியோ இல்லை. கைதுகளில் மிகுதி குடிபோதையும் ஒழுங்கீனமும். இப்படிப்பட்டவர்களை எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்து அந்தச் சந்துகளில் விட்டாலும் பதிவேடு அப்படித்தான் நிரம்பும்.

இதை இனப்பகை என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. நியூயார்க்கில் பிடித்துக்கொண்டு போன காவலரே பல சமயம் அயர்லாந்துக்காரர். ஆஸ்திரேலியாவின் பேர்பெற்ற கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவன் தாய் எலன், அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவள். ஒரு காவலரைக் கொல்ல முயன்றதற்கு உடந்தை என்று 1878-இல் அவளுக்கு மூன்று ஆண்டு கடுங்காவல். கைக்குழந்தையோடு உள்ளே போனாள். 1880 நவம்பர் 11 அன்று மகன் அதே மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். தாய்க்கும் மகனுக்கும் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரெட்மண்ட் பேரியும் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். பிறந்த மண் ஒன்றாக இருந்தாலும் நிலமும் படிப்பும் இருந்தவருக்கும் இல்லாதவளுக்கும் நடுவே இருந்த தூரம் பெரியது.

பாலியல் தொழிலுக்கு எத்தனை பேர் தள்ளப்பட்டார்கள்?

வில்லியம் சாங்கர் என்ற மருத்துவர் நியூயார்க்கில் 2,000 பெண்களிடம் கேட்டுத் திரட்டிய அறிக்கை 1858-இல் வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் அயர்லாந்தில் பிறந்தவர்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்கு முன்பு வீட்டு வேலை செய்தவர்கள். ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு 525 பேர் வறுமை என்றார்கள். 513 பேரின் விடை 'விருப்பம்' என்று குறிக்கப்பட்டது. அந்த இரண்டாவது எண்ணை வைத்து அன்றைய கனவான்கள் பெரிதும் பேசினார்கள். ஒரு நாள் முழுவதும் ஊசி பிடித்தாலும் வாடகை தேறாத ஊரில் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

வேலையை விட்டு நீக்கும்போது எசமானி நற்சான்றுக் கடிதம் தராவிட்டால் அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. வீட்டோடு தங்கி வேலை செய்தவளுக்கு வேலை போனால் படுக்க இடமும் அன்றே போய்விடும். பத்திரிகை விளம்பரங்களில் 'அயர்லாந்துக்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்ற வரி வேறு, அதுவும் வீட்டு வேலைக்கான விளம்பரங்களில்.

மணமாகாமல் தாயானவர்களின் நிலை?

இந்தப் பகுதியை எழுதுவது கடினம். ஊரில் கருவுற்றதை மறைக்கவே கப்பலேறியவர்கள் உண்டு. வேலை செய்த வீட்டின் எசமானாலோ அவர் மகனாலோ கருவுற்றவர்கள் உண்டு. வயிறு தெரிந்த நாளே வேலை போகும். தனியறையில் யாருக்கும் தெரியாமல் பெற்றெடுத்து, பிறப்பை மறைத்ததற்காகவோ சிசுக்கொலைக்காகவோ நீதிமன்றத்தில் நின்றவர்களில் வேலைக்காரப் பெண்களே அதிகம். நடுவர்கள் சில சமயம் இரக்கம் காட்டினார்கள். இறந்த குழந்தைக்காக யாரும் வாதாடவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் மனத்தில் ஒருசேர வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1869-இல் நியூயார்க்கில் சிஸ்டர் ஐரீன் என்ற கன்னியர், வாசலில் ஒரு தொட்டிலை வைத்து அனாதைக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். யார், ஏன் என்று கேட்காமல் குழந்தையை ஏற்றுக்கொண்டார்கள். சில குழந்தைகளோடு தாய் எழுதி வைத்த துண்டுச்சீட்டும் இருக்கும். அங்கே வளர்ந்தவர்களில் பலர் பிறகு ரயிலேற்றப்பட்டு, மேற்கு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டார்கள். தாய்மார் அவர்களை மீண்டும் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஏழைகள் என்பதற்காகவே திருப்பி அனுப்பினார்களா?

ஆம். லிவர்பூலில் ஏழை நிவாரணம் கேட்டவர்களைக் கப்பலில் ஏற்றி அயர்லாந்துக்கே அனுப்பினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமும் ஏழைகள் விடுதிகளிலும் மனநல விடுதிகளிலும் இருந்தவர்களை லிவர்பூலுக்குத் திருப்பியது. 1855-இல் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த கைக்குழந்தையோடு ஒரு தாயை அனுப்பியது பாஸ்டனில் பெரும் கண்டனத்தைக் கிளப்பிற்று. 1882-இல் மத்திய அரசே, பொதுச் செலவுக்குச் சுமையாகக்கூடியவர்களுக்கு நுழைவு இல்லை என்று சட்டம் செய்தது. துணையின்றி, வயிற்றில் குழந்தையோடு வந்து நின்ற பெண்ணின் மேல் அந்தச் சட்டம் எளிதாகப் பாய்ந்தது.

கொலை வழக்குகளும் இருந்தனவா?

இருந்தன, எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் புகழ் முழுவதும் அவற்றுக்கே போய்ச் சேர்ந்தது. 1843-இல் கனடாவின் ரிச்மண்ட் ஹில்லில் எசமானர் தாமஸ் கின்னியரும் வீட்டு மேற்பார்வையாளர் நான்சி மான்ட்கோமரியும் கொல்லப்பட்டார்கள். அந்த வீட்டில் வேலை செய்த ஜேம்ஸ் மெக்டர்மாட் தூக்கிலிடப்பட்டான். அதே வீட்டின் வேலைக்காரி, அயர்லாந்திலிருந்து வந்த பதினாறு வயது கிரேஸ் மார்க்ஸ் ஆயுள் தண்டனை பெற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1872-இல் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தாள். அவள் கொன்றாளா, பயந்து உடன்பட்டாளா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

நியூஜெர்சியில் பிரிட்ஜெட் டர்கன் என்ற வேலைக்காரி, எசமானி மேரி எலன் கோரியலைக் கொன்றதற்காக 1867 ஆகஸ்ட்டில் தூக்கிலிடப்பட்டாள். கொலை கொடூரமானது, இளம் தாய் ஒருத்தியின் உயிர் போனது. ஆனால் பத்திரிகைகள் கொலையைப் பற்றி எழுதியதோடு நிற்கவில்லை. அவள் முகத்தையும் தாடையையும் விலங்குகளோடு ஒப்பிட்டு, எழுதப் படிக்கத் தெரியாத அவளை மனித இனத்திலிருந்தே விலக்கின. தூக்கைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் கூடியது.

ஆன்ட்ரிமில் பிறந்த லிஸ்ஸி ஹாலிடே வேறு கதை. கணவனையும் வேறு இரண்டு பெண்களையும் கொன்ற வழக்கில், 1894-இல், மின்நாற்காலித் தண்டனை விதிக்கப்பட்ட முதல் பெண் ஆனாள். மனநோய் காரணமாகத் தண்டனை குறைக்கப்பட்டு, மாட்டியவான் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டாள். அங்கேயும் 1906-இல் ஒரு செவிலியைக் கொன்றாள். இந்த வழக்கில் வறுமையைக் காரணம் காட்டி எதையும் விளக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

'டைபாய்டு மேரி' குற்றவாளியா?

எந்த நீதிமன்றமும் அவளைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. ஆனால் 26 ஆண்டுகள் அடைபட்டிருந்தாள்.

மேரி மாலன் 1869-இல் டைரோன் மாவட்டத்தின் குக்ஸ்டவுனில் பிறந்து, பதின்வயதில் தனியாக நியூயார்க் வந்தாள். வேலைக்காரியாகத் தொடங்கி, நல்ல சம்பளம் வாங்கும் சமையற்காரியானாள். அவள் நிலையில் இருந்த பெண்ணுக்கு அதற்கு மேல் ஏற்றம் கிடையாது. 1906 கோடையில் ஆய்ஸ்டர் பேயில் அவள் சமைத்த வீட்டில் டைபாய்டு பரவியது. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் அவள் முன்பு வேலை செய்த வீடுகளைத் தேடிப் போனபோது, பெரும்பாலான வீடுகளில் அதே காய்ச்சல். அவள் உடம்பில் நோயின் அறிகுறி எதுவுமில்லை, ஆனால் கிருமி இருந்தது. மலமும் சிறுநீரும் வேண்டும் என்று சமையலறைக்கே வந்து கேட்ட அந்நியரை அவள் முள்கரண்டியோடு துரத்தினாள். நான் நலமாக இருக்கும்போது என்னால் எப்படிப் பிறருக்கு நோய் வரும் என்று அவள் கேட்டது, அந்தக் காலத்தில் மருத்துவர்களுக்கே புதிய கேள்வி.

1907-இல் அவளைப் பிடித்து, நியூயார்க்கின் நார்த் பிரதர் தீவில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். 1910-இல், இனிச் சமையல் வேலை செய்யமாட்டேன் என்று உறுதி வாங்கி விடுவித்தார்கள். சலவை வேலைக்குச் சம்பளம் குறைவு. அவள் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமைக்கப் போனாள், அதுவும் ஒரு மகப்பேறு மருத்துவமனையில். 1915-இல் அங்கே 25 பேருக்கு நோய் கண்டு, இருவர் இறந்தார்கள். அந்த முடிவை நியாயப்படுத்த முடியாது. மறுபடி அதே தீவு. 1938 நவம்பர் 11 அன்று அங்கேயே இறந்தாள். நகரத்தில் அவளைப் போல நோய் அறிகுறியின்றிக் கிருமியைச் சுமந்த வேறு பலர் கண்டறியப்பட்டார்கள். ஆயுளுக்கும் அடைக்கப்பட்டவள் தனியாக இருந்த, பணிந்து போகாத, அயர்லாந்துச் சமையற்காரி.

உதவி செய்தவர்கள் யாருமில்லையா?

இருந்தார்கள். வெரே ஃபாஸ்டர் என்ற செல்வர் தன் பணத்தையும் திரட்டிய நிதியையும் கொண்டு ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்தார். பயணிகள் படும் பாட்டைத் தெரிந்துகொள்ள 1850-இல் தானே சாதாரணப் பயணியாகப் போய், கப்பல் ஊழியர்களின் கொடுமையை எழுதி அம்பலப்படுத்தினார். சார்லட் கிரேஸ் ஓ'பிரையனின் முயற்சியால், 1880களின் நடுவில் நியூயார்க் துறைமுகத்துக்கு எதிரே அயர்லாந்துப் பெண்களுக்கென்றே ஒரு விடுதி தொடங்கப்பட்டது. கப்பலை விட்டு இறங்கும் பெண்ணிடம் இனிக்க இனிக்கப் பேசி வேலை தருவதாக அழைத்துப் போகும் தரகர்கள் காத்திருந்த துறைமுகம் அது. அங்கே வந்து நின்ற பாதிரியார் ஜான் ரியர்டன் அவர்களை முதலில் விடுதிக்கு அழைத்துச் சென்று, நம்பகமான வீடுகளில் வேலைக்குச் சேர்த்தார். வந்தவளிடம் கட்டணம் கேட்கவில்லை.

குடும்பங்களுக்கு இவை ஏன் தெரியாமல் போயின?

கடிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். பணம் வைத்த கடிதத்தில் சிறையைப் பற்றி யார் எழுதுவார்கள்? பணம் வராத மாதங்களில் அவள் எங்கே இருந்தாள் என்று ஊரில் யாரும் கேட்கவுமில்லை.

நாடும் அப்படித்தான் நினைவைத் தேர்ந்தெடுத்தது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் புதிய குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் முதலில் கால் வைத்த ஆனி மோர், கார்க் துறைமுகத்திலிருந்து வந்த பதினேழு வயதுப் பெண். பத்து டாலர் தங்க நாணயம் பரிசளித்தார்கள். அவள் மேற்கே டெக்சாஸ் போய் வாழ்ந்தாள் என்ற கதை பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. அது வேறொரு ஆனி மோர் என்று 2006-இல் தெரியவந்தது. உண்மையான ஆனி, மன்ஹாட்டனின் நெரிசலான கீழ்க்கிழக்குப் பகுதியைவிட்டு வெளியேறவே இல்லை. பதினொரு குழந்தைகளாவது பெற்று, அவர்களில் பலரைச் சிறு வயதிலேயே புதைத்து, 1924-இல் இறந்தாள். அவள் எந்தக் குற்றமும் செய்தவளல்ல. ஆனாலும் அவள் வறுமைகூட முதல் குடியேறியின் கதைக்கு ஒத்துவரவில்லை.

இந்தத் துயரம் எப்போது முடிந்தது?

உருவம் மாறியது. 1950களிலும் 60களிலும் மணமாகாமல் கருவுற்ற அயர்லாந்துப் பெண்கள், தம்மைப் போன்றவர்களை ஊர் கண்ணில் படாமல் வைத்திருந்த தாய்-சேய் இல்லங்களுக்குப் பயந்து இங்கிலாந்துக்குப் படகேறினார்கள். அங்கிருந்த சமூகப் பணியாளர்கள் கோப்புகளில் அவர்களைப் 'பி.எஃப்.ஐ.' என்று மூன்றெழுத்தில் குறித்தார்கள்: அயர்லாந்திலிருந்து வந்த கர்ப்பிணி. பலர் எந்த இல்லத்துக்குப் பயந்து ஓடினார்களோ அங்கேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த இல்லங்களில் இருந்த சுமார் 57,000 குழந்தைகளில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்ததாக 2021-இல் வெளிவந்த அரசு விசாரணை ஆணைய அறிக்கை சொன்னது.

இவர்களைப் பற்றிய பதிவுகளை எங்கே பார்க்கலாம்?

நாடு கடத்தப்பட்டவர்களின் பட்டியல்களை அயர்லாந்து அரசு 1988-இல் ஆஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாகத் தொகுத்துக் கொடுத்தது. டப்ளின் தேசிய ஆவணக்காப்பகத்தின் வழியாக அவற்றைத் தேடலாம். டாஸ்மேனிய ஆவணக்காப்பகம் கைதிகளின் ஏடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

1922-இல் டப்ளினில் நடந்த உள்நாட்டுப் போரில் ஆவணக்காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஒழுங்காக வாழ்ந்து பஞ்சத்தில் இறந்த ஏழைப் பெண்களில் பலருடைய பெயர்கூட மிஞ்சவில்லை. ஆடு திருடியவளுக்கோ உயரம், கண்ணின் நிறம், கன்னத்துத் தழும்பு, படிக்கத் தெரியும் எழுதத் தெரியாது என்பது வரை ஏட்டில் இருக்கிறது. அவளைப் பிடித்துவைக்க எழுதியதுதான் அவளை நமக்கு மிச்சம் வைத்திருக்கிறது.

நேரில் போய்ப் பார்க்க ஏதாவது இடம் உண்டா?

கேஸ்கேட்ஸ் தொழிற்கூடத்தின் மிஞ்சிய மதில்களும் முற்றங்களும் 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இருக்கின்றன. சிட்னியில், அனாதைப் பெண்கள் வந்து தங்கிய ஹைட் பார்க் பாசறையின் மதிலில், 1999-இல் திறக்கப்பட்ட பஞ்ச நினைவுச்சின்னம் இருக்கிறது. அமைத்தவர்கள் ஹுசைன் வலமனேஷ், ஏஞ்சலா வலமனேஷ் தம்பதி. ஹுசைன் ஈரானிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். மதிலை ஊடுருவி ஒரு மேசை நீண்டிருக்கும். அதன் மேல் ஒரு காலிக் கிண்ணம். பக்கத்தில் கண்ணாடிப் பலகைகளில் நானூறுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் தெளிவாகத் தொடங்கும் எழுத்துகள் போகப் போக மங்குகின்றன. கடைசிப் பெயர்களைப் படிக்கக் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோக வேண்டும்.